கோப்பையில் எழுதாத பேர்

“இதில யாருக்க பேர எழுதணும்?”

2018 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம், பரிசு மேசையில் வைத்து மன்றத் தலைவர் சூசை என்னிடம் இப்படிக் கேட்டார். என் கையெழுத்து குண்டுகுண்டாக இருக்கும் என்பதால் கோப்பைகளின் அடியில் ஒட்டும் வெள்ளைத் தாளில் பேர் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். பிறகு பக்கத்தில் நின்றவன் சொன்ன பேரை எழுதி ஒட்டினேன். அது தப்பான பேர். அந்தக் கோப்பை எப்படி வந்தது என்று இப்போது சொல்கிறேன். கதையில் எனக்கு இதற்கு மேல் இடமில்லை. இது ஜெமியின் கதை.

குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டிய எங்கள் ஊரில் ஜெமி என்ற பேரில் ஏழெட்டுப் பெண்கள் உண்டு. இவள் மீன் விற்கும் இசபெல்லின் மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வலைக் கம்பெனி வேலைக்குப் போனவள். மெஷின் முடிச்சுப் போட்டுத் தள்ளும் நைலான் வலை ஓர் உருளையின் மேல் ஓடி வரும். ஓடுகிற வலையில் எந்தக் கண்ணி விட்டுப் போயிருக்கிறது என்று பார்த்து, நிறுத்தி, ஊசி கோத்து முடிச்சுப் போட வேண்டும். ஆயிரம் கண்ணி சரியாக இருக்கும், ஒன்று இருக்காது. இருப்பதைப் பார்க்காமல் இல்லாததைப் பார்க்கத் தெரிய வேண்டும். மூன்று வருஷத்தில் ஜெமிக்கு அது கண்ணோடு ஒட்டிப் போயிருந்தது. அவள் வகுப்புத் தோழியும் பக்கத்து மெஷின்காரியுமான பிரிஜா, “உனக்கு மாப்பிள பாக்க வாறவன் பாவம் மக்கா. அவனுக்கு என்ன இல்லண்ணு ஒரே நிமிசத்தில சொல்லிப் போடுவ” என்பாள்.

அண்ணன் லிஜின் அந்த வருஷம் மே மாதம் ஏசி மெக்கானிக்காகத் துபாய்க்குப் போனான். போகும்போது மூலையில் கண்ணாடி கீறிய பழைய போனைத் தங்கைக்கு விட்டுவிட்டுப் போனான். அதில் அந்த ஆட்டம் இருந்தது. அந்த வருஷம் எந்தப் பையன் கையிலும் அந்த ஆட்டம்தான். விமானத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். துப்பாக்கியைத் தேடி எடுத்து ஒருவரை ஒருவர் சுடுவார்கள். கடைசியில் மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. நான்கு பேர் சேர்ந்து ஓர் அணி. ஆளுக்கொரு மூலையில் இருந்தாலும் மைக்கைப் போட்டுப் பேசிக்கொண்டே ஆடலாம்.

ஜெமி முதலில் சொந்தப் பேரில்தான் ஆடினாள். ஜெமி97 என்று பேர் வைத்தாள். மைக்கைப் போட்டாள். அப்பாவிப் பெண், பேசத்தானே மைக் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

“வலப்பக்கம் ரெண்டு பேர் வாறானுவ” என்று அவள் சொன்னதும் வலப்பக்கம் பார்த்தவன் ஒருவனும் இல்லை. குரல் வந்த பக்கம்தான் எல்லாருக்கும் கண். ஒருவன் எந்த ஊர் என்றான். இன்னொருவன் நம்பர் கேட்டான். கொடுக்காததால் அவள் செத்ததும் அவள் மூட்டையைப் பொறுக்கிக்கொண்டு போனான். “அடுப்பில பால் பொங்குதுக்கா, போய்ப் பாருங்க” என்று ஒருவன் சொல்ல, மற்ற இரண்டு பேரும் உலகத்தில் இதுவரை யாரும் சொல்லாத நகைச்சுவையைக் கேட்டவர்கள் மாதிரிச் சிரித்தார்கள். ஒரு மகான் தனக்குக் கிடைத்த துப்பாக்கி, மருந்து, தலைக்கவசம் எல்லாவற்றையும் கழற்றி அவள் காலடியில் வைத்தான். நல்லவன் போலிருக்கிறதே என்று அவள் நினைப்பதற்குள் போட்டோ அனுப்பு என்றான். மாட்டேன் என்றதற்கு அவன் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். அதே வாயால்தான் அவன் பிறகு வீட்டில் அம்மாவிடம் சோறு கேட்டிருப்பான்.

இப்படிப்பட்ட வீரர்கள் தூரத்து ஊர்களில்தான் இருப்பார்கள், நம்மூர்ப் பையன்கள் அப்படி இல்லை என்று ஜெமி நம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஊர் மன்றத்தின் செயலாளர் ஷைஜுவின் அணியில் ஆள் குறைவதைப் பார்த்துச் சேரக் கேட்டாள். சேர்த்துக்கொண்டார்கள். ஷைஜு, வினிஸ்டன், இன்னொருவன். அவள் “ஹலோ” என்றாள்.

“ஏலே, பெண்ணுலே!” என்றான் வினிஸ்டன்.

“பெண்ணா? செத்தோம். ஏட்டி, இது ஒனக்குக் கூட்டாஞ்சோறு வெளையாட்டுண்ணு நெனப்பா? போ, போய் மீன் கழுவு” என்றான் ஷைஜு. அடுத்த நிமிஷம் அவளை அணியிலிருந்து தூக்கிவிட்டான். எந்த ஜெமி என்று அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு மீன் கழுவும் முறை உண்மையிலேயே அவளுக்குத்தான். அதையும் கழுவினாள். கழுவிவிட்டு வந்து, தன் பேரை மூடிவிட்டு, அண்ணன் விட்டுப்போன பேரைத் திறந்தாள். மைக்கை அணைத்தாள்.

மறு நொடியே ஷைஜு கூப்பிட்டான். “மக்கா லிஜினு! துபாய்ல இருந்தா வாற? வாலே, வாலே!”

அதற்குப் பிறகு நடந்தது, முட்டாள்தனத்துக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் கோப்பைக்கு உரியது. துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்கு ஒருவன் அங்கே இருக்கிறான். ஆகவே லிஜின் பேசாததற்குக் காரணத்தை இவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். “அங்கன நெட்டில பேச முடியாதுல்லா. அதான் மைக்கு வேல செய்யல்ல” என்று வினிஸ்டன் விளக்கினான். நாலு மாதம் இந்த அறிவாளிகள் ஒரே தெருவில் இருக்கும் ஒரு பெண்ணை, கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்து ஆடினார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும், கம்பெனி வேனில் திரும்பும்போதும், ஞாயிற்றுக்கிழமை பகலிலும் அவள் ஆடினாள். எதிரி எங்கே இருக்கிறான் என்று அவள் தேடுவதில்லை. எது மாறியிருக்கிறது என்றுதான் பார்ப்பாள். மற்றவர்கள் துப்பாக்கி சுடுவார்கள், அவள் கண்ணி பார்ப்பாள். “தெய்வமே லிஜினு!” என்று கத்துவான் ஷைஜு. “நீ இருந்தா போதும் மச்சான், நாங்க எதுக்கு!” அந்தக் கடைசி வரி மட்டும் உண்மை.

அவள் மைக்தான் அணைந்திருந்தது. காது அணையவில்லை. இவர்கள் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்டது. வேனிலிருந்து இறங்கும் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி, ஆட்டிறைச்சியைப் பங்கு வைப்பது போலப் பேசினார்கள். பிரிஜாவைப் பற்றி வினிஸ்டன் சொன்னதைக் கேட்ட அன்று, பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிரிஜாவின் முகத்தை ஜெமியால் பார்க்க முடியவில்லை. பேசி முடித்த பிறகு ஷைஜு மிகுந்த கண்ணியத்தோடு சொன்னான்: “ஆனா மச்சான், உனக்க தங்கச்சி எங்களுக்கும் தங்கச்சிதான் கேட்டியா.”

அண்ணன் ஒருவன் காது கொடுத்துக் கேட்கிறான் என்றால் மட்டும் வருகிற மரியாதை. ஜெமி தட்டெழுதி அனுப்பினாள்: “ஓ, செரி.”

முந்தின வருஷம் புயல் அடித்து ஊரில் ஆட்களைப் பறிகொடுத்ததால் கிறிஸ்துமஸுக்கு மன்றம் ஒன்றும் நடத்தவில்லை. அதனால் 2018இல் எல்லாவற்றையும் சேர்த்து நடத்தினார்கள். கால்பந்து, வடம் இழுத்தல், பெண்களுக்கு வழக்கம்போல் இசை நாற்காலியும் எலுமிச்சம்பழ ஓட்டமும். ஆண்கள் ஜெயித்தால் கோப்பை. பெண்கள் ஜெயித்தால் சில்வர் வாளி, சருவம், சோப்புப் பெட்டி. ஓடி ஜெயித்தாலும் அடுக்களைக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்று நினைவுபடுத்துகிற பரிசுகள். இவற்றோடு புதிதாக அந்த மொபைல் ஆட்டத்தையும் சேர்த்தார்கள். பதினாறு ஊர் அணிகள் வந்து பெயர் கொடுத்தன.

ஒரு வாரத்துக்கு முன்பே முக்கில் பிளக்ஸ் ஏறியது. கறுப்புக் கண்ணாடி போட்டு, பின்னால் உயரமான கட்டடங்களோடு லிஜின் சிரித்துக்கொண்டிருந்தான். ‘துபாய் மண்ணிலிருந்து களமிறங்கும் எங்கள் சிங்கம்’ என்று எழுதியிருந்தது. கீழே சின்னதாக ஷைஜுவும் வினிஸ்டனும் இன்னொருவனும் போனைத் துப்பாக்கி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வேனிலிருந்து இறங்கிய ஜெமி அதன் அடியில் நின்று பார்த்தாள். பிரிஜாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

“சிங்கத்துக்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு” என்றாள் பிரிஜா. “வாலுதான் இங்கன நிக்குது.”

ஜெமி சிரிக்கவில்லை. “எனக்க மூஞ்சி வேண்டாம். பேராவது போடலாம்லா” என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆசை என்று சொன்னால் அது ஒன்றுதான். தான் ஆடியதற்குத் தன் பேர்.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது மற்ற ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. துபாயில் இருப்பவனெல்லாம் அங்கே இருந்து ஆட முடியாது, நாலு பேரும் பள்ளிக்கூட ஹாலில் வந்து எங்கள் கண்ணெதிரே உட்கார வேண்டும் என்றார்கள். ஷைஜு பதறிப்போய் லிஜினுக்குப் போன் போட்டான், லீவு எடுத்துக்கொண்டு வரச் சொல்ல.

லிஜின் சொன்னது: “லே, கிறுக்கனா நீ? மே மாசத்துக்குப் பொறவு நான் அந்த எழவத் தொட்டதே இல்ல. ஆடுது ஜெமியாக்கும்.”

கொஞ்ச நேரத்தில் ஷைஜுவும் வினிஸ்டனும் இசபெல் வீட்டு முற்றத்தில் நின்றார்கள். இசபெல் விற்றுவந்த கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஜெமி கதவுப் பக்கம் வந்தாள். ஷைஜுவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாலு மாதமாகத் தான் பேசியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்திருக்கும். வந்திருந்தால் நல்லது.

“நாலு மாசமா ஏமாத்திட்டியே ஜெமி” என்றான். முதல் வார்த்தையே இதுதான். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தவர்கள் இந்த மாதிரிப் பையன்களோடு பழகாதவர்கள்.

“நான் யாரையும் ஏமாத்தல்ல. ஹலோண்ணு சொல்லிட்டுத்தான் வந்தேன். மீன் கழுவப் போண்ணு நீதான் சொன்ன.”

வினிஸ்டன் தரையைப் பார்த்தான். அவனைப் பார்த்து ஜெமி, “பிரிஜாவப் பத்திச் சொன்னியே, அத அவகிட்ட நேர்ல வந்து சொல்லுதியா?” என்று கேட்டாள். அவன் இன்னும் நன்றாகத் தரையைப் பார்த்தான்.

ஷைஜு கனைத்துக்கொண்டான். “செரி, அத விடு. ஊருக்க மானம் போவும். நீ ஒண்ணு செய்யி. அந்தப் போனையும் பாஸ்வேர்டையும் தா. இவனுக்க மச்சினன் ஒருத்தன் நல்லா ஆடுவான். லிஜினுக்க ஐடியில அவன் இருந்து ஆடட்டும்.”

போனில்தான் திறமை இருக்கிறது என்று நினைத்துவிட்டான்! குத்துவிளக்கைத் திருடினால் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று நினைப்பவன் மாதிரி.

“போனத் தாறேன்” என்றாள் ஜெமி. “வெரலையும் வெட்டித் தரணுமா?”

இசபெல் கூடையைக் கீழே வைத்தாள். மகள் போனும் கையுமாக இருப்பதற்கு அவள் ஏசாத நாளில்லை. ஆனால் அவளுக்கும் வியாபாரம் தெரியும். “ஏலே ஷைஜு, மீன் எனக்கது, தராசும் எனக்கது. நீ சும்மா வந்து நிண்ணு விக்கப் பாக்கியா?” என்றாள்.

கடைசியில் ஜெமியே ஆடுவது என்று முடிவானது. அவள் ஒன்று மட்டும் கேட்டாள். “எனக்க பேருல ஆடுவேன். எனக்க பேரச் சொல்லணும்.”

“அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம்” என்றான் ஷைஜு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்பிள்ளைகள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆட வேண்டும் என்ற ஆசை அந்த அறிவை மறைத்துவிட்டது.

இருபத்தாறாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு ஹாலில் அறுபத்து நாலு பேர் உட்கார்ந்தார்கள். அறுபத்து மூன்று பேர் பையன்கள், ஒருத்தி ஜெமி. பேர்ப் பட்டியலில் மட்டும் லிஜின் மாறவே இல்லை. பக்கத்து ஊர் அணியில் ஒருவன் எழுந்து, “அக்கா, இசை நாற்காலி வெளியில நடக்குது” என்றான். ஹாலே சிரித்தது. அவளுடைய சொந்த அணியும் சேர்ந்துதான் சிரித்தது. பெண்கள் வரிசையில் இருந்து பிரிஜா மட்டும், “நாற்காலிய நீ நல்லாப் பிடிச்சுக்க மக்கா, எழும்பி ஓட வேண்டி வரும்” என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று ஆட்டம், புள்ளிகளைக் கூட்டி முடிவு. முதல் ஆட்டத்தில் ஜெமி மைக்கைப் போட்டு, “அந்தப் பாலத்துக்குப் போகாண்டாம், ஆளிருக்கு” என்றாள். லிஜின் தட்டெழுதி இதைச் சொல்லியிருந்தால் ஷைஜு நின்றிருப்பான். பெண் குரலில் வந்ததால் பாலத்தில் ஏறினான். மூன்று பேரும் வரிசையாகச் செத்தார்கள். “சகுனம் செரியில்ல” என்று வினிஸ்டன் முணுமுணுத்தான். இரண்டாவது ஆட்டத்தில் வேறு வழியில்லாமல் பாதி கேட்டார்கள். பாதி பிழைத்தது. அணி நாலாம் இடத்துக்கு வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் மறுபடியும் வீரம் வந்து, கதவைத் தட்டாமல் எதிரி வீட்டுக்குள் புகுந்து மூன்று பேரும் செத்துப்போனார்கள். ஜெமி தனியாக மிஞ்சினாள். எதிரில் பக்கத்து ஊர் அணி, இசை நாற்காலிக்காரன் உட்பட மூன்று பேர் உயிரோடு.

செத்த மூன்று பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

“ஓடு!” என்றான் ஷைஜு.

“படு!” என்றான் வினிஸ்டன்.

“மேல ஏறு!” என்றான் இன்னொருவன்.

“செத்தவனுவ கொஞ்சம் சும்மா கெடங்க” என்றாள் ஜெமி, திரும்பாமல்.

அவளுக்கு எதிரே ஒரு தெரு. இரண்டு பக்கமும் வீடுகள். எல்லாக் கதவும் மூடியிருந்தன. ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. அந்த ஆட்டத்தில் கதவு தானாகத் திறக்காது. கம்பெனியில் உருளையை நிறுத்துவது போல அவள் விரல் நின்றது. விட்டுப்போன கண்ணி. அதன் வழியாகக் குண்டை வீசினாள். உள்ளே இரண்டு பேர் விழுந்தார்கள். மூன்றாமவன், இசை நாற்காலிக்காரன்தான், எழும்பி வெளியே ஓடினான். வாசலிலேயே சுட்டாள்.

புள்ளியைக் கூட்டினால் எங்கள் ஊர் முதலிடம். பிறகு ஷைஜுவும் வினிஸ்டனும் இன்னொருவனும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். பையன்கள் வந்து ஷைஜுவைத் தோளில் தூக்கினார்கள். செத்தவனைத் தூக்குவது சரிதான், ஆனால் அதை ஊர்வலமாகச் செய்ய வேண்டியதில்லை.

அப்போதுதான் சூசை பரிசு மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டார். தோளில் இருந்து இறங்கி வந்த ஷைஜு பதில் சொன்னான்: “லிஜின்ணே எழுது. பேர் குடுத்த லிஸ்டிலயும் அதான், பிளக்ஸிலயும் அதான். இப்ப மாத்தினா, ஒரு பெண்ணு ஜெயிச்சுத் தந்தாண்ணு காலத்துக்கும் கோப்பையில இருக்கும்.” என் பேனா எழுதியது.

சூசை ஒலிபெருக்கியில் முழங்கினார். “நமது சிங்கம் லிஜின் அவர்கள் துபாயில் இருப்பதால், அவர் சார்பாக அவரது அன்புத் தங்கை மேடைக்கு வந்து கோப்பையைப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் அழைக்கிறோம்!”

பெண்கள் வரிசையில் ஜெமி உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. சூசை இரண்டாம் தடவை அழைத்தார். மூன்றாம் தடவை, “தங்கை எங்கிருந்தாலும்” என்றார். அவள் அவருக்குப் பத்தடி தூரத்தில் இருந்தாள்.

ஜெமி எழுந்தாள். “மாமா, கோப்ப லிஜினுக்குத்தானே? அவன் அடுத்த வருஷம் லீவுக்கு வருவான். அப்பக் குடுங்க” என்றாள். ஒலிபெருக்கி இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் சலசலத்தது. ஷைஜு மேசையில் மிச்சமிருந்த பொருட்களில் ஒன்றை எடுத்துச் சூசையின் காதில் ஏதோ சொன்னான். சூசை முகம் மலர்ந்து அறிவித்தார்: “மகளிர் சிறப்புப் பரிசாக ஜெமிக்கு ஒரு சில்வர் வாளி!”

அந்த நாளில் அவள் பேர் ஒலிபெருக்கியில் வந்தது அந்த ஒரு தடவைதான். வாளியோடு வந்தது.

ஜெமி எழும்பவில்லை. இசபெல்தான் எழுந்தாள். மேடைப் பக்கம் போனாள். வாங்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், ஷைஜு வாளியை நீட்டவும் செய்தான். “நீயே வச்சுக்க மக்கா” என்றாள் இசபெல். “அதில தண்ணி கோரி மூணு பேருமா மூஞ்சியக் கழுவுங்க.” மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

லிஜின் மறுநாள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினான். “ஏட்டி, நான் பொழுதுக்கும் ஏசி கழுவிக்கிட்டு இருந்தேன். எனக்கு எதுக்குக் கோப்ப? அவனுவகிட்ட நான் சொல்லுதேன்.” சொன்னான். மன்றத்தில் யாரும் தாளை மாற்றவில்லை. கோப்பை இப்போதும் கண்ணாடி அலமாரியில் அந்தப் பேரோடு இருக்கிறது. பிளக்ஸை மட்டும் இசபெல் கேட்டு வாங்கி வந்து விறகை மூடிவைத்திருக்கிறாள். மழைக்காலத்தில் எங்கள் சிங்கம் விறகு நனையாமல் காக்கிறான். அவன் அந்தப் போட்டிக்குச் செய்த உதவி அதைவிடக் குறைவு.

ஈஸ்டர் சமயத்தில் வேறொரு ஊரில் போட்டி வந்தது. ஷைஜு பிரிஜா மூலமாகச் சொல்லி அனுப்பினான்: வா, ஆனால் மைக் வேண்டாம், லிஜின் ஐடியிலேயே இரு. ஜெமி போகவில்லை. மூன்று சிங்கங்களும் வினிஸ்டனின் மச்சினனோடு போய் முதல் ஆட்டத்திலேயே பாலத்தில் ஏறிச் செத்துத் திரும்பினார்கள்.

ஜெமி இன்னும் வலைக் கம்பெனியில்தான் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெமி97 என்ற பேரில், மைக்கைப் போட்டு ஆடுகிறாள். குரலைக் கேட்டதும் பாதிப் பேர் ஓடிவிடுகிறார்கள். பால் பொங்குகிறது என்று சொல்பவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், புதிதாக ஒன்று யோசிக்கக்கூட அவர்களுக்கு மூளை வரவில்லை. ஓடாமல் நிற்பவர்களோடு அவள் ஆடுகிறாள். அதில் இப்போது பிரிஜாவும் ஒருத்தி.

ஒரே ஒரு தாளில் நான் எழுதிய தப்பை அலமாரியைத் திறந்து என்னால் திருத்த முடியவில்லை. சாவி ஷைஜுவிடம் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கதையை யாரிடமாவது சொல்லுங்கள், போனில் இந்த ஆட்டம் ஆடும் பையன் ஒருவனாவது வீட்டில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லும்போது துபாய்க்காரனின் தங்கை என்று சொல்லிவிடாதீர்கள். ஜெமி என்று சொல்லுங்கள்.